கேள்வி பதில்: வண்டிச் சத்தமும் டிராகுலாவும்

கேள்வி: டப்ளினில் இருக்கும் மகனிடம் ஒக்டோபர் கடைசியில் போயிருந்தோம். டிராகுலா எழுதிய பிராம் ஸ்டோக்கரின் பெயரில் நகரமே விழாக் கொண்டாடியது. இருட்டில் நாடகம், வாசிப்பு, வேடம் போட்ட கூட்டம், குழந்தைகளும் கூட. பேய்க்கதை எழுதியவருக்கு இவ்வளவு மரியாதையா? கொழும்பில் செய்தால் நம் சனம் ஏற்குமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஸ்டோக்கர் அந்த ஊர்ப் பிள்ளை, சகோதரி. 1847இல் டப்ளினின் கடலோரப் பகுதியான குளொன்டார்ஃபில் பிறந்தார். ஏழு வயதுவரை நோயோடு கட்டிலில் கிடந்த மகனுக்கு அம்மா சார்லட் கதை சொன்னார். 1832இல் ஸ்லைகோ நகரைக் கொலரா அள்ளிக்கொண்டு போனபோது அவர் அங்கே சிறுமி. உயிர் போகுமுன்பே சிலரைப் புதைத்த கதையெல்லாம் அவரிடம் இருந்தது. மகன் வளர்ந்து டப்ளின் கோட்டையில் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். 1897இல் வந்த டிராகுலாவில் செத்தவர்கள் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வரும் இடங்களைப் படிக்கும்போது, கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாதான் எனக்குத் தெரிகிறார். 2012இல் தொடங்கிய அந்த விழாவை நான் மதிப்பதும் அதனால்தான்.

எங்கள் அம்மம்மாவிடமும் அப்படி ஒரு கதை இருந்தது. 1934, 35இல் மலேரியா வந்து நாட்டில் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். குருணாகல் பக்கம் மோசமாக அடிபட்டது. அங்கேதான் அவருடைய அப்பாவின் கடை. இரவில் மாட்டுவண்டி போகும் சத்தம் கேட்டால், யாரையோ கொண்டுபோகிறார்கள் என்று அர்த்தமாம். பிறகு கொட்டாஞ்சேனைக்கு வந்து ஐம்பது வருடம் ஆகியும், ஒழுங்கையில் யாராவது கைவண்டி தள்ளிக்கொண்டு போனால் பாயில் எழும்பி உட்கார்ந்துவிடுவார். சத்தம் தேயும்வரை படுக்க மாட்டார். மாடு இல்லாமல் தானாக ஓடும் வண்டியைப் பற்றி எங்களுக்குச் சொல்லுவார், குரலை இறக்கி, விளக்கைக் குறைத்து.

நாடக ஆசிரியையாக இருந்த காலத்தில் அந்தக் கதையை ஐந்து மாணவிகளை வைத்து மேடை ஏற்றினேன். ஒரு மரச்சில்லு, ஒரு அரிக்கன் லாம்பு, அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் சில்லை உருட்டியதும் மண்டபத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. முடிந்த பிறகு ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் தம்பியும் அந்தக் காய்ச்சலில்தான் போனான் என்று அழுதார். நம் சனம் ஏற்குமா என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த அம்மாதான்.

ஆகவே செய்யலாம், கட்டாயம் செய்யவேண்டும். ஆனால் பிளாஸ்டிக் பூசணிக்காயும் கோரைப்பல்லும் வாங்கி அடுக்குவது விழா ஆகாது. இடத்துக்கா பஞ்சம்? கொழும்பு வுல்பெண்டாலில் 1749இல் கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் தேவாலயத்தின் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். நரியை ஓநாய் என்று நினைத்து ஒல்லாந்தர் வைத்த பெயராம் அது, ஓநாய்ப் பள்ளத்தாக்கு. அங்கே அனுமதி வாங்கி, மெழுகுதிரி வெளிச்சத்தில் அம்மம்மாமாரின் கதைகளை வாசிக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தெற்கிலிருந்து சன்னி யக்கும என்ற நோய் விரட்டும் சடங்கு ஆட்டம் ஆடுகிறவர்களையும் அழைக்கவேண்டும். பதினெட்டு நோய்க்குப் பதினெட்டு முகமூடி அவர்களிடம் இருக்கிறது.

கேள்வி: ஹலோவீன் கலை இரவுக்கு மகள் கறுப்பு உடையில் பேய்க்கதைப் பாணியிலான ‘கொதிக்’ வேடம் போடப்போகிறாளாம். நம் பண்பாடு இல்லை என்று அவளுடைய அப்பா தடுக்கிறார்.
– வாசகி, கொழும்பு 13

பதில்: அப்பாவிடம் காரைக்கால் அம்மையாரைப் பற்றிக் கதையுங்கள். அழகைத் துறந்து பேயுருக் கேட்டு வாங்கியவர். நரம்பு புடைத்து, வயிறு குழிந்த பேய்ப்பெண்ணைத் தன் பதிகத்தின் முதல் அடியிலேயே நிறுத்தி, சிவன் ஆடும் சுடுகாட்டைப் பாடியவர். பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலத் திருமேனிகளில் அவரும் இருக்கிறார், எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு. மகள் அந்த வேடம் போடுவாளா என்று கேட்டுப் பாருங்களேன். கறுப்பு உடைதான் வேண்டும் என்றால் அதுவும் சரி, போகட்டும்.

கேள்வி: ஏழு வயது மகனையும் இப்படிப் பேய்க்கதை, முகமூடி நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போகலாமா?
– வாசகர், தெமட்டகொட

பதில்: முகமூடியைப் பகலில் அவன் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்க விடுங்கள். அப்புறம் கூட்டிப்போங்கள். வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், வீட்டுக்குப் போவோம் என்று சொன்னால் உடனே எழும்பிவிடுங்கள்.