சிவப்பும் பச்சையும் கலந்தால் மஞ்சள் எப்படி வரும்?

பெயின்ட்டில் சேற்று நிறம், ஒளியில் மஞ்சள். இதை 8 வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்கம் அப்புறம், முதலில் செய்து காட்டுங்கள். இரண்டு டார்ச்சுகளின் முகப்பில் சிவப்பு, பச்சைக் கண்ணாடித் தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, இருட்டறையில் வெள்ளைச் சுவரில் ஒரே இடத்தில் அடியுங்கள். மஞ்சள் தெரியும். (தாள் மெல்லிசாக இருந்தால் மடித்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நிறம் வெளிறிப்போகும்.)

வேடிக்கையே இனிமேல்தான். டார்ச்சுகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்து, நடுவே பிள்ளையை விரல் நீட்டச் சொல்லுங்கள். ஒரு விரலுக்கு இரண்டு நிழல்: ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை! சிவப்பு ஒளியை விரல் மறைத்த இடத்தில் பச்சை மட்டும் விழுகிறது, அவ்வளவுதான். நிழல் என்றால் கறுப்புதான் என்று நினைத்திருந்த பிள்ளை லேசில் கையை எடுக்காது.

சரி, பெயின்ட்டில் ஏன் வரவில்லை? ஒளியோடு ஒளி சேர்ந்தால் வெளிச்சம் கூடுகிறது. சாயமோ தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். இரண்டு சாயம் சேர்ந்தால் விழுங்குவது அதிகம், திரும்பி வருவது கொஞ்சம்.

கைபேசித் திரையில் மஞ்சள் படத்தை வைத்து, கடுகளவு நீர்த்துளி விடுங்கள். துளி பூதக்கண்ணாடியாகி, அந்த மஞ்சளைச் சிவப்பும் பச்சையுமாகப் பிரித்துக் காட்டும்.