அடைப்புக்குறிக்குள் ஒரு மரணம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் படைப்புகளில் காலம், மரணம், பாலினம் என்பது என் ஆய்வுத் தலைப்பு. மூன்றுக்கும் தனித்தனி இயல். காலத்துக்கு 'மிசஸ் டாலோவே', மரணத்துக்கு 'டு த லைட்ஹவுஸ்', பாலினத்துக்கு 'ஆர்லாண்டோ' எடுத்திருக்கிறேன். அவர் காலத்தைக் கையாளும் விதம் பிரெஞ்சுத் தத்துவஞானி பெர்க்சனிடமிருந்து வந்ததா? கணவர் லியோனார்ட் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்ததற்கு வுல்ஃப் எழுத்தில் தடயம் உண்டா? வுல்ஃப் ஆற்றில் இறங்கி உயிரை விட்டதை நினைத்தால் எல்லா நாவல்களும் அதற்கு முன்னறிவிப்பாகவே தெரிகின்றன. இப்படி வாசிப்பது சரியா? 'டு த லைட்ஹவுஸ்' நாவலில் திருமதி ராம்ஸேயின் சாவை ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. (சென்ற ஆவணியில் அம்மா தவறிவிட்டார். வாரக்கடைசியில் ஊருக்குப் போய் அப்பாவுக்கும் தம்பிக்கும் சமைத்து வைத்துவிட்டு வருவதால் ஆய்வேடு தாமதமாகிறது.)

ர.

*

அன்புள்ள ர.,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் கண்ணில் பட்டது. கடிதம் முழுவதிலும் அடைப்புக்குறி ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அம்மா போனதை அதற்குள் வைத்திருக்கிறீர்கள், அதுவும் ஆய்வேடு தாமதமாவதற்கான காரணமாக. அதற்கு முந்தின வரியில், வுல்ஃப் திருமதி ராம்ஸேயின் சாவை அப்படி அடைப்புக்குறிக்குள் வைத்தது ஏமாற்றம் என்கிறீர்கள்.

குறை சொல்லவில்லை. இந்தத் துக்கத்தோடு உட்கார்ந்து எனக்கு எழுதியிருக்கிறீர்களே என்று மனம் கனத்துப் போனது. மெதுவாகத்தான் பேச நினைக்கிறேன். ஆனாலும் ஓரிரு இடங்களில் குரல் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெர்க்சனை விட்டுவிடலாம். 'மிசஸ் டாலோவே'க்கு முதலில் யோசித்த பெயரே 'த ஹவர்ஸ்'. அந்த ஒரு நாள் முழுக்க லண்டனின் பிக் பென் மணி அடித்துக்கொண்டிருக்கிறது, அதைக் காதில் வாங்கிக்கொண்டு படித்தால் போதும். லியோனார்ட் 1904 முதல் 1911 வரை இலங்கையில் இருந்தார், தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில். அந்த நாட்களை அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார், அங்கே போய்ப் படியுங்கள்.

ஆற்றைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெண் 59 வயது வரை நாவலும் கட்டுரையும் நாட்குறிப்புமாக எழுதிக் குவித்திருக்கிறார். 1917இல் கணவரோடு சேர்ந்து வீட்டிலேயே அச்சகம் தொடங்கித் தன் கையால் எழுத்துக் கோத்திருக்கிறார். அத்தனையையும் 1941 மார்ச் 28 என்ற ஒரு நாளில் நின்றுகொண்டு திரும்பிப் பார்ப்பீர்களா? முந்தைய ஆண்டுதான் லண்டனில் அவர்கள் குடியிருந்த வீடுகள் குண்டுவீச்சில் நாசமாயின. ஜெர்மானியர் கரையிறங்கினால் யூதரான லியோனார்டின் கதி என்ன என்ற பயம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பழைய மனநோய் திரும்பி வருவதை உணர்ந்தார். அந்தச் சாவுக்கு அதற்குரிய காரணங்கள் இருந்தன. அதைக் கொண்டுவந்து 1927இல் வந்த நாவலுக்குள் திணிப்பது வாசிப்பே இல்லை. ஆண் எழுத்தாளர்களை இப்படி யாரும் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் படிப்பதாக நான் பார்த்ததில்லை.

அந்த நாவலுக்குள் இருப்பது வேறொரு சாவு. அவருடைய அம்மா ஜூலியா 1895 மே 5 அன்று இறந்தார். வர்ஜீனியாவுக்கு அப்போது 13 வயது. 'டு த லைட்ஹவுஸ்' வெளிவந்த தேதி 1927 மே 5. நாற்பதைத் தாண்டும்வரை அம்மா தன் மனத்தை விட்டு அகலவே இல்லை, இதை எழுதி முடித்த பிறகுதான் அந்தப் பிடி விட்டது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். முப்பது வருஷத்துக்கு மேல் சுமந்த ஒன்றை எழுத உட்கார்ந்தவர், அதை ஏன் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியமாக வைத்தார்?

அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். இருட்டான ஒரு காலையில் திரு. ராம்ஸே நடையில் தடுமாறியபடி கைகளை நீட்டுகிறார். திருமதி ராம்ஸே முந்தின இரவு இறந்துவிட்டிருந்ததால் கைகள் வெறுமையாக இருக்கின்றன. சாவு எங்கே வருகிறது பார்த்தீர்களா? 'இறந்துவிட்டிருந்ததால்' என்று பாதி வழியில் வந்து போகிறது. வினைமுற்று கணவருடைய கைகளுக்கு. எட்டுப் பிள்ளைகளைப் பெற்று, விருந்தினரை எல்லாம் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, கலங்கரை விளக்கக் காவலரின் நோயாளி மகனுக்குக் காலுறை பின்னிக்கொண்டிருந்தவள். அவள் சாவுக்கென்று ஒரு வினைமுற்றுக்கூட இல்லை. உங்கள் மூன்று இயல்களும் இந்த ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன, ர. இதைக் கையில் வைத்துக்கொண்டு பாலினத்துக்கு ஏன் 'ஆர்லாண்டோ'வைத் தேடிப் போகிறீர்கள்? அழகான புத்தகம்தான், அப்புறம் படிக்கலாம்.

அடைப்புக்குறிக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? இந்த வாக்கியம் வரும் நடுப்பகுதியின் பெயரே 'காலம் கடக்கிறது'. முதல் பகுதியில் ஒரு மாலைக்கு நூறு பக்கத்துக்கு மேல் கொடுத்தவர், இங்கே பத்து ஆண்டுகளை இருபது பக்கம் போல எழுதி முடிக்கிறார். அதில் மூத்த மகள் பிரூ பிள்ளைப்பேற்றை ஒட்டிய நோயில் போகிறாள், மகன் ஆண்ட்ரூ போரில், பிரான்சில் குண்டு வெடித்துப் போகிறான். இரண்டும் அடைப்புக்குறிக்குள். வெளியே இருப்பது ஒரு பூட்டிய வீடு. ஈரம் ஏறுகிறது, புத்தகங்கள் பூஞ்சை பிடிக்கின்றன. குழந்தைகள் பயப்படாமல் தூங்க சுவரிலிருந்த பன்றி மண்டையோட்டின் மேல் திருமதி ராம்ஸே சுற்றிவைத்த சால்வை ஒவ்வொரு மடிப்பாக அவிழ்கிறது. அப்புறம் மெக்நாப் என்ற வயதான வேலைக்காரப் பெண் வந்து கதவைத் திறந்து, முதுகு வலிக்க வலிக்கக் கூட்டுகிறாள், துடைக்கிறாள். இந்தப் பகுதியை வுல்ஃப் எழுதியது 1926 மே மாதத்தை ஒட்டி. பிரிட்டன் முழுக்கத் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்த மாதம் அது. வேலை செய்யும் கைகள் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது, கைகள் நின்றுபோன ஒரு வீட்டை அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

என் அம்மா போன பிறகு எங்கள் வீடும் நான்கு வருஷம் பூட்டிக் கிடந்தது. திறக்கப் போனபோது துணைக்கு அம்மாவிடம் வேலை பார்த்த பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டேன். கதவு நிலையில் கரையான் புற்று. நெல் போட்டுவைக்கும் அறை முழுக்க எலிப்புழுக்கை. கொடியில் அம்மாவின் சேலை ஒன்று அப்படியே தொங்கியது, தொட்டதும் மடிப்பில் கிழிந்தது. நான் திண்ணையில் போய் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் முந்தானையைச் செருகிக்கொண்டு ஒட்டடைக் கம்பை எடுத்தார். அடுப்படிக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது: "இந்த இடத்துலதான் எனக்குத் தட்டு வச்சிருக்கும் அம்மா. நேரமாச்சுன்னா மூடி வைக்கும்." நான்கு நாள் வேலை. கூலியை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அம்மாவைப் பற்றிப் பிறகு நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன், பலர் அழுததாகச் சொன்னார்கள். அதில் அந்தப் பெண் ஒரு வரியில்கூட இல்லை.

சில வருஷம் கழித்து இந்த நாவலைத் திரும்பப் படித்தேன். சாம்பல் நிற மேலங்கி போட்டுக்கொண்டு பூச்செடிகள் மேல் குனிந்திருந்த திருமதி ராம்ஸேயை மெக்நாப் நினைத்துக்கொள்கிறாள். தனக்காகச் சமையலறையில் சூப் எடுத்துவைக்கப்பட்டதை நினைத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

வுல்ஃபிடம் எனக்குச் சண்டையும் இருக்கிறது. மெக்நாப்பை அறிவு மங்கியவள் என்கிறார், கோணல் பார்வை பார்க்கிறவள் என்கிறார். தன் வீட்டில் பல ஆண்டுகள் சமைத்த நெல்லி பாக்ஸாலைப் பற்றி அவர் நாட்குறிப்பில் எழுதியவை படிக்கக் கூசுபவை. இதையெல்லாம் மழுப்பாமல் உங்கள் ஆய்வில் எழுதுங்கள். ஆனால் எஜமானர் குடும்பத்தின் சாவுகளை அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டு, துடைப்பமும் வாளியுமாக வந்தவளைப் பக்கத்தின் நடுவே நிறுத்தியதும் அதே கைதான். ஓர் ஆளாக அவரால் பார்க்க முடியாததை அவர் அமைத்த வடிவம் பார்த்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். பெண்களால் வரைய முடியாது, எழுத முடியாது என்று அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி சார்ல்ஸ் டான்ஸ்லி சொல்கிறானே, அதைக் கேட்டும் ஓவியம் வரையும் இன்னொரு விருந்தாளி லில்லி தன் படத்தை முடிக்கிறாள். அவள் திரும்பி வந்து ஓவியச் சட்டத்தை நிறுத்த அந்த வீடு நின்றதென்றால், அது மெக்நாப் கூட்டியதால் நின்றது. இதை யாரும் வகுப்பில் எனக்குச் சொல்லித்தரவில்லை.

உங்கள் கேள்விகளை விட்டு எங்கோ வந்துவிட்டேன். தலைப்பை மாற்றச் சொல்லி உங்கள் வழிகாட்டியிடம் பேசுங்கள். ஒரே நாவல், நடுப்பகுதி மட்டும் போதும்.

இன்னொன்று. தம்பிக்கு என்ன வயது? சோறு வடிக்கத் தெரியுமா? தெரியாதென்றால் இந்த வாரக்கடைசியில் ஊருக்குப் போகும்போது அவனையும் அப்பாவையும் அடுப்படியில் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுங்கள். குழம்பு ஒன்று, ரசம் ஒன்று, அது போதும். அடுத்த வாரம் விடுதியிலேயே இருந்து, அம்மாவைப் பற்றி எனக்கு எழுதுங்கள். அடைப்புக்குறி வேண்டாம். எத்தனை பக்கமானாலும் படிப்பேன்.

அன்புடன்,
அக்கா