வீட்டிலும் வேலையிடத்திலும் மற்றவர் சொல்வதை நன்றாகக் கேட்பவராக மாறுவது எப்படி?

யாரும் சொல்ல வந்ததை முதல் வாக்கியத்தில் சொல்வதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறவர்தான் நன்றாகக் கேட்பவர் என்பது என் அனுபவம். தலையசைப்பது, கண்ணைப் பார்ப்பது, நடுவில் பேசாமல் இருப்பது எல்லாம் இதற்குப் பிறகு தானாக வந்து சேரும்.

நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவின் மேற்பார்வையாளன். 17 ஆண்டுகளாக இதே வேலை. பேர்ணாம்பட்டு, மாதனூர், குடியாத்தம் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள்தான் என் பிரிவில் பெரும்பாலோர். எந்திரங்கள் ஓடத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நின்று கத்தினால்தான் காதில் விழும். அதனால் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுந்து என் மேசைக்கு வருவார்கள். எழுந்து வரும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் இடத்தில் வேலை தேங்கும் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வருகிறவர் பாதி சொல்லும்போதே பதிலைக் கொடுத்து அனுப்புவதைத் திறமை என்று நான் பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷூவின் மேல்பகுதி தைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒரே மாதத்தில் நான்கு முறை என் மேசைக்கு வந்தார். "தம்பி, வியாழக்கிழமை ஒருநாள் லீவு வேண்டும்." சரக்கு கிளம்ப வேண்டிய வாரம் அது. "இந்த வாரம் முடியாதுக்கா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றேன். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது முறை, "எல்லாரும் இப்படிக் கேட்டால் நான் எங்கே போவேன்?" என்று கேட்டேன். நான்காவது முறை மேசைவரை வந்து, "ஒன்றுமில்லை தம்பி" என்று திரும்பிப் போய்விட்டார். அதற்கடுத்த திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். மகளின் பிளஸ் டூ படிப்பு, விற்றுவிட்ட ஆடு, பெய்யாத மழை என்று அரை மணி நேரம் பேசினார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னார்: "தம்பி, என்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இரண்டு மாதமாகக் கண்ணில் புகை போட்ட மாதிரி இருக்கிறது. சொன்னால் நிறுத்திவிடுவீர்களோ என்று பயம்."

கண்ணைக் காட்டுவதற்காக அவர் கேட்ட லீவு அது. முதல் மூன்று முறையும் நான் லீவுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். லீவு கொடுக்க முடியாத வாரங்கள் என்பது உண்மைதான், அதற்காக நான் வருந்தவில்லை. "எதற்குக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்காததற்குத்தான் இன்றுவரை வருந்துகிறேன். நம் பேச்சில் செவிசாய்ப்பதற்கும் வினவுவதற்கும் 'கேள்' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் மற்றதும் நடக்காது என்று அந்த வாசலில் நின்றபோது தோன்றியது.

வேலூர் ஆரணி ரோட்டில் இருக்கும் ஷெல் கண் மருத்துவமனைக்கு அவரை அனுப்பிவைத்தோம். கண்புரை, கூடவே சர்க்கரை. அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். இப்போது பெட்டியில் அடுக்கும் பிரிவில் இருக்கிறார்.

அந்த மருத்துவமனையின் பின்னால் இருக்கும் கதை வேலூர்க்காரர்கள் பலருக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்தக் கேள்வியோடு சேர்த்து நான் அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அப்போது மருத்துவர் அல்ல. திண்டிவனத்தில் மருத்துவராக இருந்த தந்தையின் வீட்டுக்கு வந்திருந்த இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவி கேட்டார்கள். அப்பா வருவார் என்றார் அவர். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பிடிவாதம், மூடத்தனம் என்று சொல்லி அந்த இரவை மறந்துவிடுவது எளிது. அவர் அந்த மறுப்புக்குள் இருந்த கோரிக்கையைக் கேட்டார்: இந்த ஊர்ப் பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும். அமெரிக்காவுக்குப் போய் 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1902இல் ஷெல் மருத்துவமனை வந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது, அதுதான் வளர்ந்து இன்றைய சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 'வேண்டாம்' என்று ஒருவர் சொல்லும்போது பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தையல் அக்காவின் 'ஒன்றுமில்லை'யும் அப்படிப்பட்ட ஒரு வார்த்தைதான்.

'எல்லாரும் முழுதாகச் சொல்லும்வரை காத்திருந்தால் வேலை நடக்குமா?' என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். இதை மருத்துவர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மருத்துவரும் நோயாளியும் பேசிய 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் 17 பேர்தான். பிறகு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், குறுக்கிடாமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். சராசரி 92 நொடி. ஒன்றரை நிமிடம்! அந்த அக்கா நான்கு முறை எழுந்து வந்து போன நேரத்தையும், அவர் இல்லாத நாள்களில் வரிசை தடுமாறியதையும் கூட்டிப் பார்த்தால், அந்த ஒன்றரை நிமிடம் எனக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்கும் என்று தெரிகிறது.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை பெரிய விஷயங்கள் அல்ல. மேசைக்கு எதிரே நிற்க வைத்துப் பேசுவதை நிறுத்தினேன். பக்கவாட்டில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன், உட்கார்ந்துதான் பேச வேண்டும். நிற்கிறவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஓடத்தான் பார்ப்பார். அவசர நேரத்தில் வந்தால், "அக்கா, இப்போது என் மனம் சரக்கில் இருக்கிறது, நீங்கள் சொல்வது ஏறாது. சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடிக்கு வாருங்கள்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். காதை மட்டும் கொடுத்துவிட்டு மனத்தை வேறிடத்தில் வைத்திருப்பது எதிரில் இருப்பவருக்கு நொடியில் தெரிந்துவிடும், அது மறுப்பதைவிட மோசம். ஆனால் சொன்ன நேரத்துக்கு மரத்தடியில் நீங்கள் இருந்தாக வேண்டும். ஒரு முறை தவறினாலும் அடுத்த முறை வரமாட்டார்கள்.

அவர் பேசி முடித்துவிட்டார் என்று தோன்றும் இடத்தில் "அப்புறம்?" என்று ஒரு முறை கேட்கிறேன். நான் கற்றுக்கொண்டதில் இதைவிடப் பயன்பட்டது வேறில்லை. லீவு என்று தொடங்கியது மாமியார் உடல்நிலையில் போய் நிற்கும். எந்திரம் சரியில்லை என்று தொடங்கியது, பக்கத்து வரிசையில் ஒருவன் தொல்லை கொடுக்கிறான் என்பதில் போய் நிற்கும். இரண்டாவதைச் சொல்லும் தைரியம் வருவதற்காகவே முதலாவதைச் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மனைவி. 'சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள், அப்போதுதான் புரிந்ததா என்று தெரியும்' என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்வார்கள். நானும் வீட்டில் அப்படிச் செய்தேன். மகனை வெளியூர்க் கல்லூரியில் சேர்ப்பது பற்றி ஒருநாள் இரவு அவர் நெடுநேரம் பேசினார். முடிந்ததும், "ஆக, உனக்குக் கவலையாக இருக்கிறது" என்றேன். "நான் கவலை என்றா சொன்னேன்? பயம் என்று சொன்னேன்" என்றார். சின்ன வித்தியாசம் என்று அப்போது நினைத்தேன். அது சின்னதே அல்ல. கவலைக்கு ஆறுதல் போதும். பயத்துக்கு 'எதைக் கண்டு' என்று கேட்க வேண்டும். கேட்டபோதுதான் அவருடைய தம்பி விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் நோயில் விழுந்து, வீட்டுக்குத் தெரியாமலே ஒரு வாரம் கிடந்த கதை வெளியே வந்தது. 19 வருடக் குடித்தனத்தில் அன்றுதான் அதை முதல் முறையாகக் கேட்டேன்.

எங்கள் வடார்க்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். வேடம் கட்டியவர் ஓர் அடி பாடினால், பின்னால் இருப்பவர்கள் அதே அடியை வாங்கிப் பின்பாட்டாகப் பாடுவார்கள். ஆடுகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடிக்குப் போவார். பின்பாட்டுக்காரர் சொல்லை மாற்றிவிட்டால் ஆட்டம் தடுமாறும். திருப்பிச் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இப்போதெல்லாம் அவர்கள் சொன்ன சொல்லையே எடுத்துக் கேட்கிறேன். "புகை போட்ட மாதிரியா?" "பயமா?" அவ்வளவு போதும்.

வேலையிடத்துக்கு ஓர் எச்சரிக்கை. ஒரு பெண் என்னிடம் தனியாகச் சொன்ன குடும்ப விஷயத்தை, நல்ல எண்ணத்தோடுதான், பெயரில்லாமல் ஒரு கூட்டத்தில் எடுத்துக்காட்டாகச் சொன்னேன். யாருடையது என்று பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறெதையும் பேசியதில்லை. கேட்டதைப் பூட்டி வைக்கத் தெரியாதவரிடம் யாரும் இரண்டாவது முறை வருவதில்லை.

வீட்டில் இது இன்னும் கடினம். தெரியாதவர் பேச்சை ஆவலோடு கேட்போம். அப்பா வாயைத் திறந்ததும் என்ன வரப்போகிறது என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தோல் பதனிடும் தொழிற்சாலையில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் பக்கத்தில் வேலை பார்த்தவர், வலது காது சுத்தமாகக் கேட்காது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே பாலாற்றங்கரையில் அவர் பிறந்த ஊர். ஆற்று மணலில் கையாலேயே ஊற்றுப் பறித்துத் தண்ணீர் குடித்த கதையை ஆயிரம் முறை சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் நாலாவது வரியில், "இதைச் சொல்லிவிட்டீர்கள் நைனா" என்பேன். நிறுத்திக்கொள்வார்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெரும் வெள்ளம் வந்தது. வெள்ளம் கொஞ்சம் தணிந்ததும் அவரைப் பாலத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஊற்றுக் கதை தொடங்கியது. அன்று நான் நிறுத்தவில்லை.

"இரண்டு முழம் பறித்தால் தண்ணீர் வந்துவிடும். ஆனால் முதலில் வருவது கலங்கல். அதைச் சொம்பால் இறைத்து வெளியே கொட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மணல் அடியில் படியும், தெளிந்த தண்ணீர் ஊறி வரும்" என்றார். வழக்கமாக நான் நிறுத்தும் இடத்தைத் தாண்டிவிட்டிருந்தார். "அப்புறம்?" என்றேன், அவருடைய இடது காதுப் பக்கம் குனிந்து.

"அப்படித் தெளிவதற்காக உட்கார்ந்திருந்தபோதுதான் உன் அம்மா குடத்தோடு வந்து பக்கத்து ஊற்றில் உட்கார்ந்தாள்."

அம்மா இறந்து அப்போது நான்கு வருடம். அவர்கள் திருமணம் மாமா பார்த்து முடித்தது என்றுதான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு நைனா பதினொன்றரை மணிவரை பேசினார். நான் நாற்காலியை அவருடைய இடது பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.