எலிக்குப் போட்ட ஊசியும் மகளின் மூச்சும்

அன்புள்ள அண்ணா,
கக்குவான் இருமல் தடுப்பூசி போட்ட எலிகள் கொஞ்சம் ஹிஸ்டமினுக்கே (ஒவ்வாமையின்போது உடலில் சுரக்கும் பொருள்) செத்துப்போகின்றன, ஹீமோபிலஸ் தடுப்பூசி கினிப்பன்றியின் மூச்சுப்பாதையில் ஏற்பிகளை (உடலின் வேதிச் சேதிகளை வாங்கும் செல் பகுதிகள்) குறைக்கிறது என்று படித்தேன். எங்கள் குடும்பத்தில் பலருக்கு வீசிங். கைக்குழந்தைக்கு பென்டாவேலன்ட் (கக்குவான், ஹிப் உட்பட ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) போடலாமா?
கவிதா

அன்புள்ள கவிதா,

போடுங்கள். ஸ்வீடனில் 669 குழந்தைகளில் சிலருக்குக் கக்குவான் பகுதி உள்ள ஊசியும் சிலருக்கு அது இல்லாத ஊசியும் போட்டு, இரண்டரை வயதுவரை கவனித்தார்கள். தடுப்பூசியால் ஒவ்வாமை நோய் கூடியதாகத் தெரியவில்லை என்பது 1998இல் வந்த முடிவு. கைக்குழந்தைக்கு உண்மையான ஆபத்து கக்குவான் இருமல்தான்.

எலிச் சேதி உண்மை. எலி சாதாரணமாக ஹிஸ்டமினை அசாத்தியமாகத் தாங்கும். ஊசிக்குப் பிறகு அந்தத் தெம்பு போய்விடுவதை 1948இலேயே பார்த்துவிட்டார்கள். அந்த எலிகளுக்கு அட்ரினலின் கொடுத்தால் ரத்தச் சர்க்கரையும் வழக்கம்போல ஏறவில்லை. ஆண்டர் சென்டிவானி என்ற ஆய்வாளர் இதிலிருந்து ஒரே தாவாகத் தாவினார்: அட்ரினலின் சேதியை வாங்கி மூச்சுக்குழாயைத் தளர்த்தும் பீட்டா ஏற்பி சரியாக வேலை செய்யவில்லை, ஆஸ்துமாவின் அடிப்படையும் இதுவே என்று 1968இல் எழுதினார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஜப்பானில் உய், கட்டாடா என்ற ஆய்வாளர்கள் இருவரும் கக்குவான் கிருமியின் நச்சைத் துருவியபோது சர்க்கரை ஏறாததற்கு வேறு காரணம் கிடைத்தது. அட்ரினலின் இன்சுலின் சுரப்பை அடக்கும். நச்சு அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. இன்சுலின் தாராளமாகச் சுரந்தால் சர்க்கரை எப்படி ஏறும்? நச்சு கைவைப்பது ஏற்பியில் அல்ல, அடக்கும் சேதியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-ஐ புரதத்தில். பீட்டா ஏற்பி முக்கியமாக நம்பியிருப்பதோ ஜி-எஸ் என்ற வேறு புரதத்தை. பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் நிற்கவில்லை.

கினிப்பன்றி விஷயம் தனி. நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில், கொன்ற ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்சா கிருமியை முழுதாகவே வயிற்றறைக்குள் செலுத்தினார்கள். நுரையீரலில் பீட்டா ஏற்பிகள் குறைந்தன; மூச்சுக்குழாய்த் தசையும், பீட்டா ஏற்பியைத் தூண்டும் ஐசோபிரினலின் மருந்துக்கு முன்போலத் தளரவில்லை. பென்டாவேலன்டிலும் ஹிப் என்று இதே கிருமியின் பெயர் இருப்பதால் பயந்திருப்பீர்கள். ஆனால் அதில் கிருமி கிடையாது. அதன் மேலுறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர் பென்டாவேலன்டின் கக்குவான் பகுதியில் கொன்ற முழுக் கிருமி இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் பெரும்பாலும் அதனால்தான். ஸ்வீடன் ஆய்விலும் ஒரு பிரிவினருக்கு முழுக்கிருமி ஊசியே போட்டார்கள். முந்தைய தவணையில் வலிப்போ கடுமையான ஒவ்வாமையோ வந்திருந்தால் மட்டும், அடுத்ததற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.