சன்ரூஃபுக்கு ஒரு லட்சம் கொடுப்பீர்களா?

கேள்வி: திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 39. பிடித்தம் போக கைக்கு ரூ.1,05,000 வருகிறது. வீட்டுக் கடன் தவணை ரூ.24,000. ஒன்பது வருடம் ஓட்டிய சின்னக் காரைக் கொடுத்துவிட்டு டாடா நெக்ஸான் பெட்ரோல் எடுக்க ஆசை. வீட்டில் நான், மனைவி, 12, 8 வயதில் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அம்மா. ஷோரூமில் ஒரு வேரியன்ட் ரூ.9.95 லட்சம், கூரையில் திறக்கும் கண்ணாடியான சன்ரூஃப் வைத்த அடுத்தது ரூ.10.40 லட்சம் என்கிறார்கள். "45,000தானே சார், ஏழு வருஷ லோன்ல தெரியவே தெரியாது" என்கிறார் விற்பனையாளர். பழைய காருக்கு 2 லட்சம் கிடைக்கும். வங்கி டெபாசிட் 6 லட்சம் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: 9.95 லட்சம் வண்டியை வாங்குங்கள். அந்த 45,000 கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்கு ஆயுள்கால சாலை வரி 13 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டினால் 18. தாண்டிய தொகைக்கு மட்டும் 18 அல்ல, முழு விலைக்கும். 9.95 லட்சத்துக்கு வரி ரூ.1,29,350. 10.40 லட்சத்துக்கு ரூ.1,87,200. வரியிலேயே ரூ.57,850 கூடுகிறது. விலை வித்தியாசத்தையும் சேர்த்தால் ரூ.1,02,850. போதாததற்கு, 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பி வந்துவிடும், ஆனால் இப்போதைக்குக் கையை விட்டுப் போகும். ஆக, சன்ரூஃபின் விலை ஒரு லட்சம். திருச்சி வெயிலில் வருடத்தில் எத்தனை நாள் அதைத் திறப்பீர்கள்? பிள்ளைகள் அதில் தலையை நீட்டிக்கொண்டு போவது எனக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி.

சரி, வண்டிக்கு வருவோம். நெக்ஸானின் முதல் பலம் பாதுகாப்பு. 2018-இல் கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு இதுதான். இப்போதுள்ள மாடலும் பெரியவர்கள், குழந்தைகள் இரண்டு பிரிவிலும் 5 நட்சத்திரம் எடுத்திருக்கிறது. ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. அதனால் கீழ் வேரியன்ட் எடுப்பதால் உயிர்ப் பாதுகாப்பில் பெரிதாக எதையும் இழக்கப் போவதில்லை. தரையிலிருந்து 208 மி.மீ. உயரம், நம் ஊர் வேகத்தடைகளுக்குத் தாராளம். டிக்கி 382 லிட்டர்.

இன்னொரு பலம் வரியில் இருக்கிறது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். நெக்ஸானின் 1199 சிசி அதற்குள் அடங்கிவிடுகிறது. மாருதி பிரெஸ்ஸா நீளத்தில் தப்பித்தாலும் 1462 சிசி என்பதால் 40 சதவீதத்தில் மாட்டிக்கொள்கிறது. ஆனால் பிரெஸ்ஸாவின் நாலு சிலிண்டர் இன்ஜின் ஓடுவதே தெரியாது. நெக்ஸானில் மூன்று சிலிண்டர். சிக்னலில் நிற்கும்போது லேசான அதிர்வு தெரியும். டர்போ என்பதால் குறைந்த வேகத்தில் கொஞ்சம் யோசித்துத்தான் கிளம்பும், நகர நெரிசலில் பெட்ரோலும் குடிக்கும். லிட்டருக்கு 12 கி.மீ., மாதம் 800 கி.மீ., பெட்ரோல் ரூ.101 என்று வைத்தால் மாதம் சுமார் ரூ.6,700. இந்த ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம். குட்டிக் குட்டி நகரப் பயணங்களில் பிஎஸ்6 டீசலின் புகை வடிகட்டி அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

பெரிய குறை பின்சீட். எஸ்யூவி என்று பெயர் வைத்தாலும் 4 மீட்டருக்குள் அடைத்த வண்டிதான். பெரியவர்கள் மூன்று பேர் பின்னால் உட்கார்ந்து மதுரை வரை போனால் தோள் இடிக்கும். உங்கள் மூத்த பிள்ளைக்கு 12 வயது. இன்னும் நாலு வருடத்தில் அந்த நெருக்கம் தெரியும்.

கடன் கணக்கு இது. 9.95 வேரியன்ட், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 11.75 லட்சம் அளவில் வரும். பழைய கார் 2 லட்சம், டெபாசிட்டிலிருந்து 3 லட்சம். மீதி 3 லட்சத்தைத் தொடாதீர்கள், ஏறக்குறைய நாலு மாதச் செலவுக்கு அது காவல். கடன் 7 லட்சத்துக்குள் அடங்கும். 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்குத் தவணை ரூ.14,531, மொத்த வட்டி 1.72 லட்சம். அதையே ஏழு வருடமாக்கினால் தவணை ரூ.11,262, வட்டி 2.46 லட்சம். விற்பனையாளர் சொன்ன "தெரியவே தெரியாது" என்பதன் விலை முக்கால் லட்சம். ஐந்து வருடத் தவணையை வீட்டுக் கடனோடு சேர்த்தால் மாதம் ரூ.38,500, சம்பளத்தில் 37 சதவீதம். தாங்கும், ஆனால் இதற்கு மேல் ஏற்றாதீர்கள். இன்ஷூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள், அங்கேயே குறைப்பார்கள்.

அப்புறம், புக்கிங் பணம் கட்டும் முன் அம்மாவை ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள். வழக்கமாகக் கட்டும் சேலையோடு முன் சீட்டில் மூன்று முறை, பின் சீட்டில் மூன்று முறை ஏறி இறங்கட்டும். குனிந்து விழுவதுபோல் உட்கார வேண்டாம் என்பது உயரமான வண்டியின் வசதி. காலைத் தூக்கி வைக்க வேண்டும் என்பது அதன் சிரமம். முழங்கால் எதற்கு முனகுகிறது, இறங்கும்போது அவர் கை எதைப் பிடிக்கத் தேடுகிறது என்று கவனியுங்கள். முன் சீட் அவருக்குச் சரிப்பட்டால், பின்னால் மனைவியும் பிள்ளைகளும்தான்; நெருக்கப் பிரச்சினையும் சில வருடங்களுக்குத் தள்ளிப்போகும்.