பதில்: மன்னார்குடியில் புது வீடு, தெற்கே இரண்டு தென்னை, 5 கிலோவாட் சூரிய மின்சாரம் போடலாமா?

வணக்கம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்தான் செலவு என்கிறீர்கள். அதற்கு 5 கிலோவாட் எதற்கு? ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட்டே தாராளம். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அதற்கு 60,000 ரூபாய் மானியமும் உண்டு.

தென்னையை வெட்டாதீர்கள், பாவம். ஆனால் நிழலை மார்கழியில் பாருங்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் மட்டை நிழல் மாடியில் நீளும். ஒரு சூரியப் பலகையில் விழும் நிழல், அதனுடன் வரிசையாகக் கோத்த மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்கக்கூடும். வடக்கு ஓரமாகத் தள்ளி, தெற்கு நோக்கி 10 பாகை சாய்வில் வையுங்கள். அப்படியும் நிழல் தப்பாவிட்டால் பலகைக்கு ஒன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர் (பலகை தரும் நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சிறு கருவி) கேளுங்கள்.

புயல் பயம் நியாயமானது. 2018 நவம்பரில் கஜா நம் தோப்புகளைச் சாய்த்ததை யார் மறப்பார்கள்? மாடித் தளம் இன்னும் போடவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். தளக் கம்பியோடு சேர்த்துச் பலகைத் தாங்கிகளுக்கான சிறு கான்கிரீட் பீடங்களை இப்போதே வார்த்து, போல்ட்டுகளைப் பதித்துவிடுங்கள். மாடியில் தட்டு ஓடுகளைப் பதித்த பிறகு துளை போட்டால் ஐப்பசி மழையில் ஒழுகும். தாங்கிகள் துத்தநாகம் பூசிய இரும்பாக இருக்கட்டும். சாய்வு குறைந்தால் காற்றின் பிடியும் குறையும்.

இன்னொன்றையும் ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கமாட்டார்: மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். லைன்மேன் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகையைக் கேளுங்கள், விலை கூடும்.