தேமல் நாலுதான், குளிசை மட்டும் ஏன் ஒரு வருடம்?

மூதூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடற்தொழில் செய்யும் அவருடைய கணவருக்குத் தொழுநோய் என்று திருகோணமலை தோல் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் நாலு தேமல். இடது கைச் சின்னவிரல் விறைக்கிறது. ஊரில் ஐந்து தேமல் உள்ள இன்னொருவருக்கு ஆறு மாதக் குளிசைதான், இவருக்கோ ஒரு வருடம். கிளினிக் கொப்பியில் ‘பி.டி.’ என்றும் ‘எம்.பி.’ என்றும் எழுதியிருக்கிறது. “வருத்தம் முற்றிவிட்டதா? பிள்ளைகளுக்குத் தொற்றுமா?” என்று கேட்கிறார்.

முற்றிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எத்தனை மாதம் குளிசை வேண்டும் என்று முடிவெடுக்கத்தான் இந்தப் பிரிப்பு. உடம்பில் கிருமி குறைவாக இருந்தால் பி.பி. (போசிபசிலரி; இரத்த அழுத்தம் இல்லை), கூடுதலாக இருந்தால் எம்.பி. (மல்டிபசிலரி). கிருமியை நேரே எண்ணுவது எளிதல்ல என்பதால் தேமலை எண்ணுகிறோம்: ஐந்து வரை பி.பி., அதற்கு மேல் எம்.பி. ஆனால் எண்ணிக்கை ஒரு குத்துமதிப்புத்தான். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தாலோ, காது மடலில் சிறு கீறல் போட்டு எடுத்த மாதிரியில் கிருமி தெரிந்தாலோ, ஒரேயொரு தேமல் இருந்தாலும் அது எம்.பி.தான்.

உங்கள் கணவர் விஷயத்தில் அந்தச் சின்னவிரல்தான் காரணமாக இருக்க வேண்டும். முழங்கையில் அடிபட்டால் ‘சுள்’ளென்று ஓடுமே, அந்த நரம்புதான் சின்னவிரலுக்குப் போகிறது. வைத்தியர் முழங்கையைத் தடவிப் பார்த்திருந்தால், அது தடித்திருக்கிறதா என்று அறியத்தான்.

அப்படியானால் ‘பி.டி.’ என்ன? அது வேறொரு அளவுகோல். 1966இல் ரிட்லி, ஜொப்ளிங் என்ற இரண்டு மருத்துவர்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை வைத்து இந்த நோயை ஐந்து படிகளாக வகுத்தார்கள். ஒரு முனையில் எதிர்ப்பு பலமாக இருக்கும், தேமல் ஓரிரண்டுதான் வரும். மறுமுனையில் எதிர்ப்பே இருக்காது, கிருமி உடம்பெங்கும் பரவியிருக்கும். பி.டி. (போர்டர்லைன் டியூபர்குலொயிட்) என்பது எதிர்ப்பு பலமான முனையிலிருந்து இரண்டாவது படி. அந்தப் படியில் இருப்பவர் பி.பி.யாகவும் இருக்கலாம், எம்.பி.யாகவும் இருக்கலாம். ஆகவே கொப்பியில் முரண்பாடு எதுவும் இல்லை.

சந்தேகம் வந்தால் எம்.பி. என்றே வைப்பது நல்லது என்பதுதான் என் கருத்தும். எம்.பி. நோயாளிக்குத் தவறுதலாக ஆறு மாதம் மட்டும் கொடுத்தால் மிஞ்சிய கிருமி சில வருடம் கழித்துத் திரும்பி வரலாம். மற்றப் பக்கம் தவறினால் நட்டம், கூடுதலாக ஆறு மாதக் குளிசை. அவ்வளவுதான். ஒரு காலத்தில் எம்.பி.க்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள், 1998இல்தான் 12 மாதமாகக் குறைத்தார்கள். இந்த 12 மாதக் குளிசை அட்டைகளையும் 18 மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். கடலுக்குப் போய் ஒரு நாள் தவறினால் பெரிய ஆபத்தில்லை, ஆனால் மாதக்கணக்கில் இழுக்கக் கூடாது. சிறுநீர் சிவக்கும், தோல் கொஞ்சம் கறுக்கும். இரண்டும் மருந்தால் வருவது, பயப்பட வேண்டாம்.

நான் கவலைப்படுவது கிருமியைவிட நரம்பைப் பற்றித்தான். நரம்பு பாதித்த எம்.பி. நோயாளிகளுக்குச் சிகிச்சையின் நடுவிலும், முடிந்த பிறகும்கூட, கிருமிக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்விளைவு திடீரென்று வரக்கூடும்: தேமல் சிவந்து வீங்கும், முழங்கை வலிக்கும், விரல் பலமிழக்கும். “மருந்து ஒத்துவரவில்லை” என்று அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். குளிசையை நிறுத்தாமல், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே போங்கள். வீக்கத்தைக் குறைக்கும் பிரெட்னிசோலோன் என்ற மருந்தை நேரத்துக்குத் தொடங்கினால் நரம்பைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஆறு மாதம் கடந்த விறைப்பு திரும்புவது கடினம். அதோடு, விறைத்த கையை நைலோன் நூல் வெட்டினாலும் அவருக்குத் தெரியாது. தினமும் தொழிலால் வந்ததும் கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி: குளிசை தொடங்கியதுமே தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடும். பாய், தட்டு எதையும் பிரித்து வைக்கத் தேவையில்லை. ஆனால் கிருமி முன்பே தொற்றியிருக்கலாம், அது வெளியே தெரியப் பல வருடம் ஆகும். அதனால் வீட்டில் எல்லோரையும் ஒருமுறை தோல் கிளினிக்கில் காட்டுங்கள். நோய் இல்லை என்று உறுதியானபின், இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரேயொரு தடவை ரிஃபாம்பிசின் என்ற கிருமிகொல்லி மருந்து கொடுத்து ஆபத்தைக் குறைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. உங்கள் பிள்ளைகளுக்கு அது பொருந்துமா என்று அங்கேயே கேளுங்கள். பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திருப்பி அனுப்பாதீர்கள்.